அத்தியிலையும் தோலுடையும்



இவ்வாரத் தியானத்தை எழுதுவதா, விடுவதா என்று பல நாள் தயங்கினேன். போதகர் ஒருவர் நிர்வாணத்தைக் குறித்து எழுதுவதா என்று உங்களில் மூத்தவர்கள் முகம் சுளிக்கக்கூடும். எனினும் நான் கண்ட ஒரு காட்சியும், அதனால் நினைவில் எழுந்த மற்றொரு காரியமும் என்னை விடவில்லை. கடைசிவரை வாசித்துவிட்டுப் பின்பு என்னைக் கடிந்துகொள்ளுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

சென்ற செப்டம்பரில் வட ஜெர்மனியிலுள்ள நம் உறவுச் சபையாரின் அழைப்பின்பேரில் மூன்று வாரம் அங்கே தங்கியிருந்ததை அறிவீர்கள். அந்த நாட்டுக்கும் நமக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று. 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடிக் கரையில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், சாக்சனியிலுள்ள புல்ஸ்நிட்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தவர். புதிய ஏற்பாட்டை நம் மொழியில் அச்சிட்டுத் தந்ததோடு, ஆதியாகமம் தொடங்கி ரூத்வரை மொழிபெயர்த்து வைத்துவிட்டு 1719இல் நம் மண்ணிலேயே கண்மூடினார். அவர் பெயரைச் சொல்வதற்குக் காரணம் உண்டு; ஆதியாகமத்தின் மூன்றாம் அதிகாரத்துக்குத்தான் நாம் பின்னால் வரப்போகிறோம்.

கூட்டங்களும் சபை விஜயங்களும் முடிந்தபின், பணி ஓய்வுபெற்ற ஒரு போதகரும் அவர் துணைவியாரும் கடைசி நான்கு நாள்களுக்கு என்னைத் தங்கள் வீட்டிற்கு அழைத்துச் சென்றார்கள். ஊரின் பெயர் ப்ரேரோ. முன்பு கிழக்கு ஜெர்மனியாக இருந்த பகுதியில், பால்டிக் கடலுக்குள் நீண்டிருக்கும் டார்ஸ் என்னும் நிலத்துண்டில் அது இருக்கிறது. நாணல் வேய்ந்த கூரைகள். செதுக்கி வண்ணம் பூசிய மரக்கதவுகள். 1728இல் கட்டி முடிக்கப்பட்ட மாலுமிகளின் ஆலயம் ஒன்று அங்கே உண்டு. அதன் உள்ளே கப்பல்களின் சிற்றுருவங்கள் கயிற்றில் தொங்குகின்றன. வெளியே, கடலோடிகளின் பழைய கல்லறைகள். அந்த ஆலயத்தைப் பற்றி மட்டுமே இவ்வாரம் எழுதியிருந்தால் எல்லாருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

இரண்டாம் நாள் விடியலில், வீட்டார் எழுமுன், தனியாகக் கடற்கரைக்கு நடந்தேன். நம் வங்கக் கடலைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது கடலாகவே தோன்றாது. ஏற்றவற்றம் இல்லையென்றே சொல்லலாம். உப்பும் மிகக் குறைவு. கட்டுமரம் இல்லை, வலை உலர்த்துவோர் இல்லை, கருவாட்டு மணம் இல்லை. மாவு போன்ற வெண்மணல், அதன் பின்னே புல் முளைத்த மணல்மேடுகள், அவற்றின் பின்னே பைன் மரக்காடு. கோடை விடுமுறைக் கூட்டம் போய்விட்டபடியால் கரை ஆளரவமின்றிக் கிடந்தது. நான் மேற்கு நோக்கி நடந்தேன். வழியில் ஒரு மரப்பலகை. அதில் மூன்று எழுத்துகள்: எஃப், கே, கே. வங்கியின் பெயராகவோ அரசியல் கட்சியாகவோ இருக்கும் என்று எண்ணிக் கடந்து சென்றேன்.

சிரிக்காதீர்கள். அந்தக் கடற்கரை ஊர்களில் கரையைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பலகை நட்டிருக்கிறார்கள் என்பதைக் காலைச் சிற்றுண்டியின்போதுதான் அறிந்தேன். குளியல் உடை அணிவோருக்கு ஒரு பகுதி, உடையின்றிக் குளிப்போருக்கு ஒரு பகுதி, நாய்களுடன் வருவோருக்கு ஒரு பகுதி. நான் நாய்களின் பகுதிக்குப் போயிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

இருநூறு அடி நடந்திருப்பேன். முதலில் ஒரு முதியவர் மணலில் துண்டு விரித்துச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவர் மேனியில் கண்ணாடியைத் தவிர ஒன்றுமில்லை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. திரும்புமுன் எதிரே, நீர் விளிம்பில், எழுபது வயதைத் தாண்டிய ஒரு தம்பதியர் கைகோத்துத் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கணவர் முன்னே கால்வைத்துத் தரையைச் சோதித்து, பின்பு மனைவியின் கையைப் பற்றி ஓரடி நடத்தினார். அந்த அம்மையார் குளிரில் சிறு குரல் எழுப்பி நகைத்தார். என் பக்கம் திரும்பினார். அவர் மார்பின் ஒரு பக்கம் வயதான எந்தத் தாயின் மார்பையும் போலிருந்தது. மறுபக்கம் ஒன்றுமில்லை, அக்குளிலிருந்து நெஞ்செலும்புவரை வெளிறிய ஒரு தழும்பு மட்டும் ஓடியது. அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்து, அவ்வூரார் சொல்லும் வழக்கப்படி "மொய்ன்" என்று காலை வணக்கம் சொன்னார்.

நான் கழுத்துவரை பொத்தானிட்ட சட்டையும், அதன்மேல் கம்பளிச் சட்டையும், காலுறையும் காலணியும் அணிந்து நின்றேன். அங்கிருந்தவர்களில் வெட்கத்தால் எரிந்தவன் நான் ஒருவனே.

இச்சை எழுந்ததா என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள், ஆனால் எண்ணுவீர்கள். இல்லை. எழுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரி வார்டில் ஜெபிக்கச் செல்லும்போது போர்வை விலகிய நோயாளியைக் கண்டால் உள்ளம் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே நடந்தேன். நடக்கும்போது நோவாவின் மூத்த குமாரர் இருவரையும் நினைத்துக்கொண்டேன். தகப்பனின் நிர்வாணத்தைக் காணாதபடி பின்னிட்டு நடந்து வஸ்திரத்தால் மூடினார்களே, அவர்களைப்போல் நானும் செய்தேன் என்று எனக்கு ஒரு திருப்தி. அது அரை நிமிடமே நீடித்தது. நோவா வெறித்துக் கிடந்தார். அந்த அம்மையார் நல்ல தெளிவோடு எனக்கு வணக்கம் சொன்னார். நான் பதில் வணக்கம்கூடச் சொல்லாமல் ஓடிவந்திருக்கிறேன்.

சிற்றுண்டி மேசையில் நடந்ததைச் சொன்னேன். மூத்த போதகர் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணீர் வருமளவு சிரித்தார். அவர் துணைவியார் அவரை அதட்டிவிட்டு எனக்குத் தேநீர் ஊற்றினார். பின்பு அவர்கள் சொன்னவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த மூன்று எழுத்துகள் சுதந்திர உடற்பண்பாடு என்னும் பொருளுள்ள சொல்லின் குறுக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஆலைப் புகையும் நெருக்கடியும் நிறைந்த நகரங்களில் வாடிய மக்கள் வெயிலையும் காற்றையும் நாடிச் சென்றபோது பிறந்த இயக்கம் அது. நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933இலேயே அதைத் தடைசெய்யும் ஆணை பிரஷ்யாவில் பிறந்தது. போருக்குப்பின் வந்த கம்யூனிஸ்டு அரசும் 1954இல் பால்டிக் கரைகளில் தடைவிதித்துப் பார்த்தது. மக்கள் விடாமல் எதிர்க்கவே, 1956இல் குறித்த பகுதிகளில் அனுமதித்தது. "எங்கள் கடிதங்களைப் பிரித்துப் படித்தார்கள், எங்கள் பிரசங்கங்களைக் குறிப்பெடுத்தார்கள். கடற்கரையில் மட்டும் யாரிடமும் குறிப்பேடு இல்லை" என்றார் போதகர்.

அவர் துணைவியார் அதை அப்படியே ஏற்கவில்லை. "எல்லாரும் மகிழ்ச்சியாகவே இருந்தோம் என்று ஆண்கள் சொல்வார்கள்" என்றார். "எனக்குப் பதினைந்து வயதில் அங்கே போகப் பிடிக்கவில்லை. வேண்டுமா என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. வீட்டார் போனார்கள், நானும் போனேன்." கணவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. உடுத்தச் சொல்லி வற்புறுத்துவது உண்டு. களையச் சொல்லி வற்புறுத்துவதும் உண்டு போலும்.

நான் தயங்கித் தயங்கி அந்தத் தழும்பைப் பற்றிக் கேட்டேன். சிற்றூர் அல்லவா, அவருக்குத் தெரிந்திருந்தது. "அறுவைக்குப்பின் இரண்டு கோடைகாலம் அவர் கடற்கரைப் பக்கமே வரவில்லை. மூன்றாம் கோடையில் வந்தார். அவ்வளவுதான்" என்றார். பின்பு ஏதோ நினைவு வந்தவராக, "எங்கள் பெண்களில் பலர் அவரைப் பார்த்தபின்தான் பரிசோதனைக்குப் போனார்கள். நானும்" என்று சொல்லிக்கொண்டே மேசையைத் துடைக்க எழுந்தார்.

அன்று முழுவதும் நான் அதிகம் பேசவில்லை. விருந்தினருக்கு உடல்நலமில்லையோ என்று அவர்கள் கவலைப்பட்டார்கள். எனக்கு வந்தது வேறு நோய்.

பிரியமானவர்களே, இனி எழுதுவதை எந்தச் சபையிலும் நான் இதுவரை சொன்னதில்லை. பல ஆண்டுகளுக்குமுன், வேறொரு ஊரில் நான் போதகராயிருந்தபோது, அங்கே தையல் தொழில் செய்த ஒரு அக்காள் இருந்தார்கள். பெயரும் ஊரும் சொல்வதில்லை என்று அவர்கள் மகளுக்கு வாக்களித்திருக்கிறேன். மற்றதை எழுத அந்த மகள் அனுமதித்தாள். பாடகர் குழுவின் அங்கிகளை எல்லாம் அந்த அக்காள்தான் தைத்தார்கள். என் வெள்ளை அங்கியையும் தைத்தார்கள். அளவெடுக்கும்போதுகூட நாடாவைத் தன் சிறுமகனிடம் கொடுத்து, அவனைக்கொண்டு என் தோளை அளப்பார்களேயன்றித் தாம் தொடமாட்டார்கள். அந்த நாணத்தை நான் மெச்சினேன். ஒரு ஞாயிறு, பெண்களின் அலங்காரத்தைக் குறித்து அப்போஸ்தலர் எழுதிய பகுதியின்மேல் பிரசங்கித்தபோது, நாணமுள்ள ஸ்திரீ தன் மேனியைத் தன் புருஷனையன்றி எவருக்கும் காட்டமாட்டாள், உயிர் போனாலும் காட்டமாட்டாள் என்று உரத்த குரலில் சொன்னேன். ஆமென் என்று பின்வரிசைகளிலிருந்து சத்தம் வந்தது. எழுதிவைத்திருந்த குறிப்பில் 'உயிர் போனாலும்' என்னும் சொல் கிடையாது. பேச்சின் வேகத்தில் வந்தது.

ஏறக்குறைய இரண்டு ஆண்டு கழித்து அந்த அக்காளைப் பெரிய மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றார்கள். மார்பில் கட்டி. அது முதலில் வலிக்கவில்லை. வலிக்காததால் ஒன்றுமில்லை என்று எண்ணியிருக்கிறார்கள், பெரிதானபோது அஞ்சியிருக்கிறார்கள், உடைந்து புண்ணானபோது, தைத்து மீந்த பஞ்சுத்துணியை நான்காய் மடித்து உள்ளே வைத்துக் கட்டிக்கொண்டு, அதன்மேல் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஆராதனைக்கு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். பதினான்கு மாதம். கணவருக்கும் தெரியாது. துவைக்கப் போட்ட துணியில் கறையைப் பார்த்து மகள்தான் கண்டுபிடித்தாள். அதற்குள் நோய் முதுகெலும்புக்குப் பரவிவிட்டது. ஐந்தாம் மாதம் அடக்க ஆராதனை நடத்தினேன். அவர்கள் தைத்த அங்கியை அணிந்துகொண்டுதான்.

அதன்பின் ஒரு வருடம் கழித்தே என் துணைவியார் என்னிடம் ஒன்று சொன்னார்கள். மருத்துவமனையில் அவர்களுக்குத் துணையிருந்த ஓர் இரவில், "ஏன் அக்கா, என்னிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறார்கள். அதற்கு அந்த அக்காள், "எப்படிச் சொல்ல ஐயரம்மா? சொன்னால் டாக்டரிடம் காட்டச் சொல்வீர்கள். உயிர் போனாலும் காட்டக்கூடாதென்று ஐயாவே சொன்னாரே" என்றார்களாம். குறைகூறும் தொனியில் அல்ல, பாடம் ஒப்புவிக்கும் பிள்ளையைப்போலச் சொன்னார்களாம்.

என் சொல் ஒன்றுதான் அவர்களைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. ஆண் மருத்துவரைக் குறித்த அச்சம், செலவைக் குறித்த அச்சம், மகளின் கலியாணம் தடைப்படுமோ என்னும் அச்சம், எல்லாம் இருந்திருக்கும். ஆனால் அந்த அச்சங்களுக்கெல்லாம் பிரசங்கபீடத்திலிருந்து ஒரு வசனம் தேவைப்பட்டது. அதை நான் கொடுத்தேன்.

ஞாயிறு பள்ளியில் நாம் சொல்லும் ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதையை எண்ணிப்பாருங்கள். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கணவர்கள் வந்து, பிரசவ வேதனையிலிருந்த தங்கள் மனைவியரைப் பார்க்க ஒரு பெண் வேண்டும் என்று அந்த இளம்பெண்ணைக் கெஞ்சினார்கள். அவர் மருத்துவம் படித்தவர் அல்லர். மருத்துவரான அவர் தகப்பனாரை அனுப்பலாம் என்றபோது அவர்கள் மறுத்துப் போய்விட்டார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த இரவுதான் அவரை மருத்துவராக்கி, 1900இல் இந்தியாவுக்குத் திரும்பிவரச் செய்து, வேலூரில் மருத்துவமனையையும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் எழச் செய்தது. கதையைச் சொல்லும்போதெல்லாம் அந்தக் கணவர்களை நான் இருளில் இருந்தவர்கள் என்று சொல்லிவந்திருக்கிறேன். இப்போது அப்படிச் சொல்ல என் நாக்கு எழவில்லை.

மறுநாள் அந்த மூத்த போதகர் என்னை மிதிவண்டியில் பக்கத்து ஊராகிய சிங்ஸ்டுக்கு அழைத்துச் சென்றார். டீட்ரிச் போன்ஹோஃபர் என்னும் பெயரை நம் வேதாகமக் கல்லூரிகளில் படித்தவர்கள் அறிவார்கள். ஹிட்லருக்கு வளையாத திருச்சபையாருக்காக அவர் நடத்திய போதகர் பயிற்சிப் பள்ளி, 1935 ஏப்ரல் கடைசியில் தொடங்கியது சிங்ஸ்டிலுள்ள கடலோர விடுதியில்தான். சில வாரங்களில் ஃபிங்கன்வால்டேவுக்கு மாறிவிட்டார்கள். மணல்மேட்டில் நின்று கடலைப் பார்த்தபோது, அவருடைய நூல் ஒன்று எனக்கு நினைவுக்கு வந்தது. பெர்லின் பல்கலைக்கழகத்தில் அவர் ஆதியாகமத்தின் முதல் மூன்று அதிகாரங்களைக் குறித்து ஆற்றிய விரிவுரைகள், 1933இல் 'சிருஷ்டிப்பும் வீழ்ச்சியும்' என்னும் பொருள்படும் பெயரில் நூலாயின. கல்லூரிக் காலத்தில் தேர்வுக்காகப் படித்தது. அதில் வெட்கத்தைப் பற்றி அவர் சொல்வது அப்போது எனக்கு விளங்கவில்லை. தேவனோடும் ஒருவரோடொருவரும் ஒன்றாயிருந்த நிலை பிளவுபட்டதால் வந்தது வெட்கம் என்கிறார். ஆகவே அதைப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது, புண்ணியம் என்று மெச்சிக்கொள்ளவும் முடியாது. பிளவின் அடையாளம் அது. தேவன் அவர்களுக்கு உடுத்துவித்ததைக் குறித்தோ, விழுந்துபோனவர்களை உள்ளபடியே ஏற்று, அவர்களை அம்பலப்படுத்தாமல் மூடுகிறார் என்று அதை இரக்கமாகவே காண்கிறார்.

அன்றிரவு மூன்றாம் அதிகாரத்தை எடுத்து நிதானமாய் வாசித்தேன். நீங்களும் வாசியுங்கள். அங்கே இரண்டு உடைகள் இருக்கின்றன. முதலாவது, அத்தியிலைகளைத் தைத்து மனிதர் தாமே உண்டாக்கிக்கொண்டது. வேதத்தில் வரும் முதல் தையல் வேலை அது. அதை உடுத்தியும் அவர்களுடைய பயம் தீரவில்லை. மரங்களுக்குள்ளே போய் ஒளிந்துகொண்டார்கள். இரண்டாவது, தேவன் உண்டாக்கிய தோலுடை. இவ்விரண்டுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று இத்தனை ஆண்டுப் பிரசங்கத்தில் நான் கவனித்ததே இல்லை. தேவன் தேடி வருகிறார், எங்கே இருக்கிறாய் என்று கேட்கிறார், மனிதன் பயந்து ஒளிந்ததைச் சொல்கிறான், நடந்ததெல்லாம் வெளிவருகிறது. அதற்குப் பின்புதான் உடை. அவர்களைக் கண்டபின்பே அவர் உடுத்தினார். நான் என் சபைக்கு அத்தியிலையைக் கொடுத்து, அதுவே கர்த்தர் தந்த வஸ்திரம் என்று போதித்திருக்கிறேன்.

நாணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எஃப்காகா பலகையை நம் கடற்கரையில் நடவேண்டும் என்றும் சொல்லவில்லை; மறுநாளும் அந்தக் கரைக்குப் போனேன், சட்டைப் பொத்தான் ஒன்றைக்கூடக் கழற்றாமல்தான் போனேன், பலகைக்கு இப்பாலேயே நின்றுகொண்டேன். நம் வள்ளுவர் நாணுடைமை என்னும் 102ஆம் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, தகாத செயலுக்காக நாணுவது ஒன்று, பெண்களின் இயல்பான கூச்சம் வேறொன்று என்று பிரித்துவிடுகிறார். நான் பிரிக்காமல் விட்டேன். கட்டி யாருடைய தகாத செயலும் அன்று. அந்த அக்காள் நாணுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. நாணவேண்டியவன் நான்.

இன்னொன்றையும் அங்கே நினைத்தேன். அந்தக் கரையிலிருந்த முதியவர்கள் விரும்பிக் களைந்தார்கள். விரும்பியபோது உடுத்திக்கொண்டு வீடு சென்றார்கள். போன்ஹோஃபரை 1945 ஏப்ரல் 9ஆம் நாள் ஃப்ளோசன்பூர்க் முகாமில் ஆடைகளைக் களையச் செய்தே தூக்கிலிட்டார்கள். நம் ஆண்டவரின் வஸ்திரங்களைப் போர்ச்சேவகர் பங்கிட்டுக்கொண்டார்கள் என்று சுவிசேஷங்கள் சொல்கின்றன. ரோமர் சிலுவையில் அறைவோரை நிர்வாணமாக்கியே அறைந்தார்கள். படங்களில் நாம் காணும் இடுப்புத்துணி ஓவியர்களின் மரியாதை. வெட்கப்படுத்தப்படுவது இன்னதென்று அறியாத ஒருவரிடம் அல்ல நம் ஜெபங்கள் போய்ச் சேருவது. மருத்துவர் முன் ஆடை விலக்கவேண்டிய சகோதரி எவரும் இதை நினைத்துக்கொள்ளலாம்.

கடைசி நாள் காலை அந்தத் தம்பதியரைத் தூரத்தில் மீண்டும் கண்டேன். இம்முறை அவர்கள் குளித்து, உடுத்தி, பலகையைக் கடந்து வந்துகொண்டிருந்தார்கள். அம்மையார் நீலக் கம்பளிச் சட்டை அணிந்திருந்தார். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. நான் முந்திக்கொண்டு "மொய்ன்" என்றேன். உச்சரிப்பு தவறாக இருந்திருக்கவேண்டும், இருவரும் சிரித்தார்கள். கணவர் என் காலணியைக் காட்டி ஏதோ சொன்னார். மொழி தெரியாதபடியால் நானும் சிரித்தேன். அவர்கள் ஊர்ப்பக்கம் போய்விட்டார்கள்.

ஊர் திரும்பியபின் முதல் வேலையாக, அந்த அக்காளின் மகளைத் தொலைபேசியில் அழைத்தேன். அவளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். நான் அந்தப் பிரசங்கத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "எனக்கு அது அப்போதே தெரியும் ஐயா. அம்மா சொன்னார்கள். நீங்கள் என்றைக்காவது கேட்பீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் அதைக் கேட்டு வாங்கவில்லை. தன் மார்பைத் தான் ஆண்டுதோறும் மருத்துவரிடம் காட்டிவருவதாக மட்டும் சொன்னாள்.

அன்பான சகோதரிகளே, மார்பில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. புற்றுநோயேயானாலும், தொடக்கத்தில் கண்டால் குணமாக்கும் வழி இன்று உண்டு. ஆனால் வலிக்கவில்லை என்பதால் ஒன்றுமில்லை என்று எண்ணிவிடக் கூடாது. கட்டி, தோலில் குழிவு, காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து கசிவு, இவற்றில் எது தென்பட்டாலும் காத்திருக்கவேண்டாம். சகோதரர்களே, உங்கள் மனைவியிடமும் தாயிடமும் நீங்களே கேளுங்கள். அவர்கள் தாமாகச் சொல்லுவார்கள் என்று காத்திருந்த ஒரு கணவரை நான் அடக்க ஆராதனையில் பார்த்தேன்.

வரும் ஞாயிறு ஆராதனை முடிந்தபின், சபை மண்டபத்தில், பெண் மருத்துவர் ஒருவரும் செவிலியர் இருவரும் இருப்பார்கள். மூவரும் பெண்களே. மண்டபத்தின் மேற்குப் பக்கத்தில் திரை கட்டி, உள்ளே கதவைத் தாழிட்டுக்கொள்ள ஏற்பாடு செய்திருக்கிறோம். பெயர்ப்பதிவு இல்லை, காணிக்கை இல்லை. பெண்கள் ஐக்கியச் சங்கத்தார் தேநீர் தருவார்கள். ஆண்கள் பிள்ளைகளை ஆலய வளாகத்தில் பார்த்துக்கொள்ளட்டும். நானும் அங்கே பிள்ளைகளோடுதான் இருப்பேன். யார் போனார்கள், யார் போகவில்லை என்று நான் கேட்கமாட்டேன்.